நூறில் நின்ற பச்சைக்கோடு

சிடியை உள்ளே தள்ளினால் கோடு ஏறுகிறது, வெளியே எடுத்தால் இறங்குகிறது, மறுபடி தள்ளினால் மறுபடி ஏறுகிறது. இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை, முதல் தடவையே தெரிந்துபோயிற்று, இருந்தும் செண்பகவல்லி அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள், ஏனென்றால் இதை நிறுத்தினால் அடுத்ததைச் செய்ய வேண்டும். லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. திரையில் ஒரு கறுப்புக் கட்டம், அதற்குள் பச்சைக்கோடு. காலையில் ஓசூரிலிருந்து மகள் சங்கரி போனில் சொல்லிக்கொடுத்திருந்தாள்: "எம்மா, கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூணையும் சேத்து அமுக்கு. பெர்ஃபார்மன்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதத் தொடு. மிஷின் எவ்வளவு வேல செய்யுதுன்னு காட்டற கோடு ஒண்ணு பச்சையா ஓடும். சும்மா இருக்கும்போது அது தரையோட கெடக்கணும். சிடி போட்டதும் எங்க போய் நிக்குதுன்னு பாரு." எங்கே போய் நிற்கிறது, நூறில் போய் நிற்கிறது. அதற்கு மேல் போக இடமில்லாமல் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. லேப்டாப்பின் வயிற்றுக்குள் இருக்கும் விசிறி மூச்சு வாங்குகிறது, பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது, அந்தச் சூட்டைத்தான் இத்தனை நாளும் பழைய சாமான் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, மேஜை பாழாகிவிடக் கூடாதே என்று அடியில் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தாள். மேஜைக்குப் பார்த்தாள். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷனுக்குப் பார்க்கவில்லை. அந்த மனுஷன், அவள் கணவர் ஆவுடையப்பன், உள் அறையில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். குறட்டை கேட்டது. குறட்டை மட்டும் திக்காமல் வந்தது.

ஆடி மாசம் ஒரு காலையில் அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. வலது கை பாதி போயிற்று, வலது கால் கொஞ்சம் இழுத்தது, பேச்சு முழுசாய்ப் போயிற்று. வேறு யாருக்கு வந்திருந்தாலும் கோவில்பட்டி இவ்வளவு பரிதாபப்பட்டிருக்காது. ஆவுடையப்பன் இன்சூரன்ஸ் ஏஜென்ட், வாயை வைத்தே வீடு கட்டினவர். டீக்கடையில் நின்றால் டீ ஆறி ஏடு கட்டும்வரை பேசுவார். சாவு வீட்டுக்குப் போனாலும் தூக்க வந்தவர்களை நிறுத்திவைத்து பாலிசி பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் விடுவார் என்று சம்பந்தி வீட்டிலேயே கேலி பண்ணுவார்கள். வீட்டிலும் அதே கதைதான். பல் தேய்த்துக்கொண்டே பேசுவார், அவள் குளியலறைக்குள் இருந்தால் கதவுக்கு வெளியே நின்று பேசுவார், டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணை முந்திக்கொண்டு செய்தி சொல்வார். அன்றைக்குக் காலையிலும் ஏதோ சொல்ல ஆரம்பித்துத்தான் நின்றது. "செம்பகம், அந்த" என்றார். அவ்வளவுதான். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் திரும்பாமலே "என்ன அந்த?" என்றாள். எப்படிக் கேட்டாள், சலிப்போடுதான் கேட்டாள், சலிப்பில்லாமல் கேட்டதாக இப்போது மாற்றிக்கொள்ள முடியாது. தாளிப்பு பொரிந்து அடங்கின பிறகுதான் பதில் வரவில்லை என்பதே உறைத்தது. அந்த என்ன? அந்த வேட்டியா, அந்தக் குழாயா, அந்த மில்காரர் பாலிசியா? பேச்சு திரும்பினால் முதலில் இதைக் கேட்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நினைத்துக்கொண்டாள். பிறகு கேட்க வேண்டாம் என்று நினைத்தாள். பிறகு ஒன்றும் நினைக்கவில்லை.

திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜெசிந்தா மேடம் தங்கமான மனுஷி. சும்மா சொல்லக் கூடாது, தன் குரலிலேயே சொற்களைப் பதிந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படம் போட்டு, சிடியாக எழுதிக் கொடுத்தாள். திரையில் டம்ளர் படம் வரும், மேடம் "தண்ணி" என்பாள், பிறகு சத்தமே இல்லாமல் கொஞ்ச நேரம் விட்டிருப்பாள், அந்த இடைவெளியில் அவர் சொல்ல வேண்டும். பிறகு சோறு, சட்டை, கதவு, மழை. "சாருக்குக் கேட்டதைத் திருப்பிச் சொல்ற பாதை உடையாம இருக்கும்மா. அதப் பிடிச்சித்தான் மத்ததை மேல கொண்டு வரணும். முதல் சில மாசம்தான் கணக்கு. சிமென்ட் காயறதுக்குள்ள பூசுற மாதிரி. அப்புறம் காஞ்சிரும்" என்றாள் மேடம். சங்கரி காலேஜில் படித்தபோது வாங்கிய லேப்டாப் பரணில் கிடந்தது, அதைத் தூசி தட்டி இறக்கினார்கள். ஆவணியில் அவர் தண்ணி என்றார். முழுசாக, வழுக்கிக்கொண்டு, ஒரு பிசிறு இல்லாமல் தண்ணி என்றார். சோறு வந்தது. மழை வந்தது, மழையைச் சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணிற்று, அதைப் பார்த்து அவரே சிரித்தார். அப்புறம் ஆயுதபூஜை வந்தது.

ஆயுதபூஜைக்கு அவள் எதையும் விட்டுவைக்கிற ஜாதி இல்லை. அரிவாள்மனை, கத்தரிக்கோல், மிக்சி, தையல் மிஷின், அவர் ஓட்டாமல் நிற்கிற ஸ்கூட்டர், பாலிசி ஃபாரம் வைக்கிற கைப்பை, எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். லேப்டாப்புக்கும் இட்டாள். கடைசியில் சிடி. இந்த வருஷம் இந்த வீட்டில் ஆயுதம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று தோன்றியது. பக்தியில் குறையே இல்லை. ஒரு பக்கத்தில் மேடத்தின் கையெழுத்து, 'ஆவுடையப்பன் சார்' என்று நீல மையில். அதன் மேல் சந்தனத்தைப் பூசினால் எழுத்து அழிந்துவிடும். அதனால் திருப்பினாள். மறுபக்கம் வெறுமையாக, பளபளவென்று, சந்தனத்துக்காகவே விட்டுவைத்த இடம்போல இருந்தது. அங்கே வைத்தாள். நல்ல கெட்டிச் சந்தனம், கல்லில் உரைத்தது, நடுவிலே குங்குமம். மறுநாள் எடுத்துப் போடும்போது காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள், முந்தானையை ஈரமாக்கித் தட்டு கழுவுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் துடைத்தாள். எழுத்து இருக்கிற பக்கத்தில் ஒன்றுமே இல்லையாம், பேச்சு முழுக்க இந்தப் பக்கத்தில்தான் இருந்ததாம், காலையில் சங்கரி சொன்னாள். "யாராவது அந்தப் பக்கம் வைப்பாங்களாம்மா" என்று சிரித்தாள். மகள் சிரித்ததில் தப்பில்லை. யாராவது வைப்பார்களா என்றால், வைத்திருக்கிறாளே ஒருத்தி.

அதற்கப்புறம் மேடத்தின் குரல் உடைய ஆரம்பித்தது. "த... த... தண்... ணி." டம்ளர் படம் பாதி வந்து நிற்கும், மீதி பிறகு வரும். சிடி போய்விட்டது என்று நினைத்தாள். அடுத்த தடவை திருநெல்வேலி போனபோது, கீறிடுச்சு மேடம் என்று மட்டும் சொல்லி வேறொன்று வாங்கிவந்தாள், சந்தனத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, படித்த பொம்பிளை என்ன நினைப்பாளோ என்று. புதுசும் அதேபோல் திக்கியது. சரி, பழைய மிஷின், அது அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். காலையில் சிடியைப் போட்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கிருந்து கேட்கும்: முதலில் மேடம், "த... த... தண்... ணி." பிறகு அவர், "த... த... தண்... ணி." அச்சு அசல். எங்கே மிஷின் மூச்சு விட்டதோ அங்கே அவரும் மூச்சு விட்டார். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார்கள், கேட்டதைத் திருப்பிச் சொன்னார், அவர்மேல் என்ன குற்றம்? போன வாரம் மேடம் கூப்பிட்டு எப்படிம்மா இருக்கார் என்று கேட்டபோது செண்பகவல்லி என்ன சொன்னாள்? "திக்குதாரு மேடம். முந்தி நல்லா வந்துச்சு, இப்ப ஒரு வார்த்தை முழுசா வரல." அவர் திக்குகிறார் என்றாள். மிஷின் திக்குகிறது என்று சொல்லவில்லை. மறைக்கவில்லை, சாமி சத்தியமாக மறைக்கவில்லை, அந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றவே இல்லையா? மேடம், "அப்படின்னா வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. பேச்சை விட்டுட்டு படப் பலகைக்குப் போயிரலாம். சார் வேணுங்கறதக் கையால தொட்டுக் காட்டட்டும். ரொம்பப் போட்டு அவரை வருத்த வேண்டாம்" என்றாள். வெள்ளிக்கிழமை நாளைக்கு.

பலகை என்றதும் அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது, சந்தனத்தைவிட, துண்டைவிட, எல்லாவற்றையும்விட அதுதான். பலகை என்றதும் தோள் இறங்கிற்று. வேலை முடிந்த மாதிரி, பஸ்ஸில் சீட் கிடைத்த மாதிரி ஒரு இளைப்பாறல். டம்ளரைத் தொட்டால் தண்ணி, தட்டைத் தொட்டால் சோறு, கொண்டுவந்து வைத்துவிடலாம், சத்தமே இல்லாமல். சத்தம் இல்லாத வீடு. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் ஒரு நினைப்பை நுனி வரைக்கும் நினைத்ததில்லை, நடுவிலேயே அவர் குரல் வந்து வெட்டும். இந்தச் சில மாசமாக நினைத்துக்கொண்டே போகலாம், துணி மடித்துக்கொண்டே எங்கேயோ போய்விட்டுத் திரும்பலாம், பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் காக்கா உட்காருவதுகூடக் காதில் விழுகிறது. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சீ, இது என்ன பொம்பிளை. புருஷன் வாய் அடைத்துக் கிடக்கிறான், இவளுக்குக் காக்கா சத்தம் கேட்கிறதாம். குக்கர் விசில் கொஞ்சம் இழுத்து வந்தாலே வாஷர் போயிற்று என்று கண்டுபிடிக்கிற காது அவளுடையது. தையல் மிஷின் ஒரு தையல் தாண்டினால் அடுத்த அறையிலிருந்து தெரியும். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினவள், தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தவள், விசை தப்பினால் சத்தத்திலேயே பிடித்துவிடுவாள். அந்தக் காதுக்குத் தினம் காலையில் ஒரு மிஷினும் ஒரு மனுஷனும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி திக்குவது மட்டும் கேட்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை. சங்கரிதான் கண்டுபிடித்தாள், அதுவும் ஓசூரிலிருந்து, போன் வழியாக: "எம்மா, பின்னால என்ன சத்தம் அது? அப்பாவா, சிடியா? ரெண்டும் ஒண்ணுபோல கேக்குது." கேட்டவுடனே போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி.

விசாரித்துவிட்டு சங்கரி விளக்கம் சொன்னாள், சின்னதிலிருந்தே அவள் அப்பா மாதிரி, எதையும் உதாரணம் போட்டுத்தான் சொல்வாள். "மோட்டார் போட்டா தண்ணி குழாய் வழியா தொட்டிக்கு ஏறுதில்ல, அதுமாதிரி சிடியில இருக்கறத டிரைவே நேரா மெமரியில கொண்டு போட்டுரும். புராசசருக்கு மேற்பார்வை மட்டுந்தான். ஆனா படிக்கும்போது தப்புத் தப்பா வந்துச்சின்னா விண்டோஸ் அத ஒரு படி கீழ எறக்கிரும். மறுபடி தப்பு வந்தா இன்னொரு படி. கடைசியில குழாயே வேண்டாம்னு அடைச்சிட்டு, புராசசரே கொடம் கொடமா சுமக்க ஆரம்பிச்சிரும். அதான் நூறுல நிக்குது. சுமக்கதுக்கே மூச்சு போனா, குரலையும் படத்தையும் எங்க ஒழுங்கா ஓட்டும்?" "அதான் புது சிடி வாங்கியாச்சே" என்றாள் செண்பகவல்லி, ஏதோ தன்மேல் வழக்குப் போட்ட மாதிரி. "புதுசு போட்டாலும் அப்படித்தாம்மா. ஒருதடவை எறக்கிட்டா அது தானா மேல ஏத்தாது. நல்ல சிடிதானான்னு திரும்பச் சோதிச்சும் பாக்காது. நாமதான் பழசை அழிச்சிட்டு, முதல்லேருந்து பாருன்னு சொல்லணும்." திரும்பச் சோதிச்சும் பாக்காது. அந்த ஒரு வாக்கியத்தில்தான் காலையிலிருந்து அவள் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள். புடவை முள்வேலியில் மாட்டின மாதிரி, இந்தப் பக்கம் இழுத்தாலும் கிழிகிறது, அந்தப் பக்கம் இழுத்தாலும் கிழிகிறது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் "ச..." என்று ஆரம்பிப்பார். அவள் முந்திக்கொள்வாள். சட்டையா? சாப்பாடா? சங்கரியா, போன் போடவா? அவர் தலையை ஆட்டுவார், இல்லை என்பார் கண்ணால், மறுபடி "ச..." சன்னலா, சாவியா, சக்கரையா? எத்தனை கொண்டுவந்து வைத்தாள், அன்பாகத்தான் வைத்தாள், ஓடி ஓடி வைத்தாள். அப்புறம் அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார், அப்புறம் ஆரம்பிப்பதையே குறைத்தார், அப்புறம் அவள் அவர் ஆரம்பிக்கும்முன்பே எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்கப் பழகிக்கொண்டாள். தண்ணி, மாத்திரை, செருப்பு, துண்டு, எல்லாம் அவளே. யார் வந்து கேட்டாலும் அவர் பதில் அவள் வாயிலிருந்து வரும். 'பாவம் செண்பகம், தனி மனுஷியா சுமக்கா' என்று தெருவில் சொல்கிறார்கள். சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்கிறாள், பெருமையாகத்தான் இருக்கிறது. யார் உன்னைச் சுமக்கச் சொன்னது? குழாயை அடைத்தது யார்?

சரி, இப்படியே உட்கார்ந்திருந்தால் பொழுது போய்விடும், அவர் எழுந்துவிடுவார். சங்கரி சொன்ன வழியிலே போனாள். மை கம்ப்யூட்டர், பிறகு டிவைஸ் மேனேஜர், அதற்குள் ஒரு நீண்ட வரிசை, அதில் ஐடிஈ என்று தொடங்குகிற வரி, அதைத் திறந்தால் இரண்டாவது சேனல். உள்ளே போய்ப் பார்த்தால் சங்கரி சொன்னபடியே மூன்று எழுத்து, பிஐஓ. கடைசிப் படி. இதற்குக் கீழே படி இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள், வேறு எதுவாகவாவது இருந்துவிடாதா என்று. இல்லை. திரும்பி வந்து அந்த சேனலின் மேல் வலது பொத்தானைத் தட்டி, அன்இன்ஸ்டால் என்பதில் அம்பை வைத்து அமுக்கினாள். அது நிஜமாகவே வேண்டுமா என்று கேட்டது. கேட்டவுடனே விரலை எடுத்துவிட்டாள். அழித்துவிட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் தானாகக் கண்டுபிடித்து மேலே ஏற்றிவிடும் என்கிறாள் சங்கரி, கண்டுபிடிக்காவிட்டால்? உள்ளதும் போய், திக்குகிற குரலும் போய், மிஷின் கட்டையாகிவிட்டால்? அப்போது பலகைதான். அப்போது யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, முயற்சி பண்ணினேன், மிஷின் செத்துப்போயிற்று என்று சொல்லலாம். அந்த எண்ணம் எவ்வளவு சாதுவாக, எவ்வளவு மரியாதையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது என்று பார்த்தாள். பயந்துபோனாள். சட்டென்று ஓகேயைத் தட்டி, மிஷினை ரீஸ்டார்ட் பண்ணினாள். திரை அணைந்து கறுப்பானது, அந்தக் கறுப்பில் அவள் முகம் தெரிந்தது, மூக்குத்தியும் கலைந்த முடியும், ரொம்ப நாளைக்கப்புறம் பார்க்கிற சொந்தக்காரி முகம் மாதிரி. வா, வா, வந்துரு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்ன அதே வா. அப்போது உண்மையாகத்தானே சொன்னேன்? அப்போது பொய் இல்லையே? அன்றைக்கு அவர் உயிரோடு வந்தால் போதும் என்றுதான் கேட்டாள். பேச்சோடு வர வேண்டும் என்று கேட்டாளா என்பது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

வந்துவிட்டது. விண்டோஸின் கொடி மாதிரி அந்தப் பழைய படம் வந்தது, புது வன்பொருள் கிடைத்திருக்கிறது என்று மூலையில் ஒரு செய்தி வந்தது, இன்னொரு தரம் அணைத்து ஏற்றச் சொன்னது, செய்தாள். அடியில் இருந்த துண்டையும் உருவி எறிந்தாள். மறுபடி கறுப்புக் கட்டம், மறுபடி பச்சைக்கோடு. புது சிடியைத் தள்ளினாள். கோடு லேசாக எழுந்து, என்ன விஷயம் என்று பார்த்துவிட்டு, திரும்பத் தரையில் படுத்துக்கொண்டது. அதற்கு வேறு வேலையே இல்லை. டம்ளர் படம் முழுசாக வந்தது. "தண்ணி" என்றாள் ஜெசிந்தா மேடம், தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. பிறகு அந்த இடைவெளி. "சோறு." இடைவெளி. செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு சுலபமாகவா? ஐப்பசி முழுக்கப் போயிற்றே, கார்த்திகை பாதி போயிற்றே, அந்தச் சிமென்ட் எவ்வளவு காய்ந்திருக்கும்? நாளைக்கு மேடத்திடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிட வேண்டும், சந்தனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவள் சிரிக்கட்டும், திட்டட்டும், பலகை மட்டும் வேண்டாம். இதைச் சொல்லிக்கொண்டபோது மனசு அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். குறட்டை எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரும்பினால் அவர் அறை வாசலில் இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். கூப்பிடாமலே எழுந்து வந்திருக்கிறார். குரலைக் கேட்டு வந்திருக்கிறார்.

நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். "இப்ப பாருங்க, சரியாயிருச்சி" என்று சொல்லி முதலிலிருந்து ஓடவிட்டாள். டம்ளர். "தண்ணி." அவர் டம்ளரைப் பார்த்தார், உதட்டை நனைத்துக்கொண்டார், தொண்டைக்குழி ஏறி இறங்கிற்று. "த..." என்றார். "த... தண்... ணி." மேடம் அடுத்ததுக்குப் போய்விட்டாள், சோறு என்றாள். "சோ... சோ... று." மிஷின் திக்குவதை விட்டுவிட்டது, இவர் விடவில்லை. அதற்கு அழித்துவிட்டு முதலிலிருந்து பார் என்று சொல்ல ஒரு இடம் இருந்தது, தட்டினாள், கேட்டது. இவரை எங்கே போய்த் தட்டுவது? சிடியை நிறுத்தினாள். பேச வேண்டும் என்று நினைக்கும்முன் பேச்சு வந்துவிட்டது. "கேளுங்க. இந்த மிஷின்தாங்க திக்குச்சி. நீங்க இல்ல. அது சொன்னதத்தான் நீங்க சொன்னீங்க. நான் பூஜைக்குச் சந்தனம் வச்சேன்ல, அதுல வந்த வினை. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நாளைக்கு மேடத்துக்கிட்ட நானே சொல்லிருதேன்." இன்னும் ஒன்று சொல்ல இருந்தது, காக்கா சத்தம், தோள் இறங்கினது. அது வாய்வரை வந்து நின்றுகொண்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். எவ்வளவோ பேசின மனுஷனை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள், பேசாத அவர் முகத்தைப் படிக்க அவள் பழகிக்கொள்ளவே இல்லை.

அவர் இடது கையைத் தூக்கினார். வாய் திறந்தது. "ந்..." அவள் நாக்கில் அந்தக் கணமே எல்லாம் வந்து வரிசையில் நின்றன: நாளைக்கா, நெஞ்சு வலிக்கா, நடக்கணுமா. பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லாதே, வாயை மூடு, இந்த ஒரு தரமாவது மூடு. தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். தண்ணீர் லாரி ஒன்று போயிற்று. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது, மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். "நீ" என்றார். சிடியில் இல்லாத சொல். யாரும் முன்னால் சொல்லிக்கொடுக்காமல், அவராக எடுத்த சொல். அதைக் கேட்டதும் சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது. நீ என்ன? நீதான் செய்தாய் என்பாரா, நீ எங்கே இருந்தாய் என்பாரா. என்னவாக இருந்தாலும் வரட்டும், அது அவருடைய வாக்கியம், அதை நான் முடிக்கக் கூடாது. காத்திருந்தாள். அவர் கை லேப்டாப்பின் மூடியைத் தொட்டது. மெதுவாக, ஒரு கையாலேயே, அதை அழுத்தி மூடினார். "சொல்லு" என்றார்.

என்ன சொல்லச் சொல்கிறார் என்று புரியாமல் விழித்தாள். அவர் மூடிய லேப்டாப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியில் அவள் பக்கமாகத் திரும்பி, விரலால் அவள் உதட்டைக் காட்டினார். "நீ... சொல்லு." அப்போதுதான் விளங்கிற்று, விளங்கினவுடன் உடம்பெல்லாம் ஒருமுறை எரிந்து அடங்கியது. குழாயும் வேண்டாம், சேனலும் வேண்டாம், புது சிடியும் வேண்டாம். இத்தனை மாசமாக இந்த நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அவள் அடுப்படியில் இருந்தாள். ஒரு மனுஷி எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து சொல்ல வேண்டிய நாலு சொல்லை ஒரு மிஷினிடம் விட்டுவிட்டு, அது திக்குகிறதா ஓடுகிறதா என்று காலையிலிருந்து கோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளை மாதிரி. அவள் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் அவர் முழங்காலில் இடித்தது. முதல் சொல் தண்ணிதான், எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தாள், மறுபடியும் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை.